ஆவணம் எழுதுபவருக்குப் பட்டறை எதற்கு?

மென்பொருளுக்கும் இயந்திரங்களுக்கும் கையேடு எழுதும் டெக்னிகல் ரைட்டராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளும் ஒரே ஒரு மென்பொருளைப் பற்றித்தான் பேச்சு. டெம்ப்ளேட் எப்படிச் செய்வது, தலைப்புக்கு எந்த ஸ்டைல், பொருளடக்கம் தானாக வர எதை அழுத்துவது, படங்களுக்கு எண் போடுவது எப்படி. கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வந்து ஒரு இன்ஸ்டலேஷன் கைடு எழுதினேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் பக்கத்தில் ஒருவர் மென்பொருளை நிறுவப் பார்த்தபோது மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார், ஏனென்றால் அதற்கு முன்பே டேட்டாபேஸில் ஒரு யூசரை உருவாக்கியிருக்க வேண்டும் என்ற விஷயத்தை ஒன்பதாவது படிக்குக் கீழே 'குறிப்பு' என்று போட்டிருந்தேன். அவருக்கு ஒரு இரவு வேலை வீணானது. அந்த இரண்டு நாள் பட்டறையில் இப்படி ஒரு தவறு நடக்கும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கப்புறம் நிறைய பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றை நானே நடத்தியும் இருக்கிறேன். ஆவணம் எழுதுபவர்களுக்குப் பயிற்சி என்று சொல்லி எதையெதையோ கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆள் வேலை செய்வதை, எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பது என்ற ஒரு விஷயம் இல்லாத பட்டறையால் எழுத்து மாறுவதை நான் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் பயிற்சி என்பது எங்கிருந்து வந்தது, எதை எதற்காகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

இரண்டாம் உலகப் போரில் விமானம், ரேடார், பீரங்கி என்று புதுப்புது இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் அவற்றை வடிவமைத்தவர்கள் இல்லை. நேற்றுவரை வயலிலோ கடையிலோ இருந்த பையன் கையில் ஒரு கையேட்டைக் கொடுத்து இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டிய நிலை. இன்ஜினியருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் எழுதுவதற்கென்றே ஒரு ஆள் தேவைப்பட்டார். கணினி வந்தபோதும் இதே கதைதான். 1949இல் பைனாக் என்ற கணினிக்கு ஜோசப் சாப்லைன் எழுதிய கையேட்டைத்தான் கணினிக்கான முதல் பயனர் கையேடு என்று சொல்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தனித்தனியாக எழுத்தாளர் சங்கங்கள் முளைத்தன, பிறகு ஒன்று சேர்ந்தன, பெயர் இரண்டு மூன்று முறை மாறி 1971இல் சொசைட்டி ஃபார் டெக்னிகல் கம்யூனிகேஷன் ஆனது. எஸ்.டி.சி. என்றால் எங்கள் தொழிலில் தெரியாதவர் கிடையாது. மாநாடு, பட்டறை, இணைய வகுப்பு, சான்றிதழ்த் தேர்வு என்று பல தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம். இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. 2025 ஜனவரியில் கடன் சுமை தாங்காமல் அந்தச் சங்கம் கதவை மூடிவிட்டது. அது நடத்திவந்த பயிற்சிகள் அதோடு நின்றன. இப்போது வருகிற புதியவர்களுக்கு எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்ற கேள்வி நிஜமாகவே திறந்து கிடக்கிறது. இந்தக் கட்டுரையை இப்போது எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆரம்பகாலப் பயிற்சிகள் பெரும்பாலும் இலக்கணமும் வடிவமும்தான். 1960களின் பிற்பகுதியில் ராபர்ட் ஹார்ன் என்பவர் இன்ஃபர்மேஷன் மேப்பிங் என்ற முறையைக் கொண்டுவந்தார். எழுதுவதையெல்லாம் ஒரே பத்தியில் கொட்டாதே. இது செய்முறையா, கருத்தா, வெறும் தகவலா, ஒரு பொருளின் அமைப்பா என்று முதலில் வகை பிரி, ஒவ்வொன்றையும் சின்னத் துண்டாக்கி அதற்கு ஒரு தலைப்பு வை. இதைப் பல நாள் பயிற்சியாகவே நிறுவனங்களுக்கு விற்றார்கள். பிற்பாடு ஐ.பி.எம்.மில் பிறந்து 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையான டிட்டா என்ற ஆவண எழுத்து முறையும் கிட்டத்தட்ட இதே எண்ணத்தின் மேல் கட்டப்பட்டதுதான்: டாஸ்க் (செய்முறை), கான்செப்ட் (கருத்து), ரெஃபரன்ஸ் (தகவல்) என்று தலைப்புகளைப் பிரித்து எழுது, ஒருமுறை எழுதியதைப் பத்து இடத்தில் பயன்படுத்து. பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை நிறுவனங்களில் டிட்டா பட்டறைக்குப் போகாத டெக்னிகல் ரைட்டர் குறைவு. ஆனால் அந்தப் பட்டறைகளில் நான் பார்த்தது, முக்கால்வாசி நேரம் இது என்ன பகுதி என்று கணினிக்குச் சொல்லும் டேக் எப்படிப் போடுவது, தலைப்புகளை வரிசைப்படுத்தும் மேப் எப்படிக் கட்டுவது என்பதிலேயே போய்விடும். இது டாஸ்க்கா கான்செப்ட்டா என்று யோசிப்பதுதான் அதில் இருக்கும் அசல் சரக்கு, அதற்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1980களில் ஐ.பி.எம். வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் ஜான் கரோலும் அவருடைய குழுவும் செய்த வேலை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, அன்றைக்குப் புதிதாக வந்த வேர்டு பிராசசர் இயந்திரத்தையும் அதன் கையேட்டையும் முன்னால் வைத்து, கற்றுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். கையேடு படிப்படியாக, விரிவாக, எதையும் விடாமல் எழுதப்பட்டது. ஆனால் யாரும் அதை வரிசையாகப் படிக்கவில்லை. முன்னுரையைத் தாண்டினார்கள். பாதியில் நிறுத்திவிட்டு இயந்திரத்தில் கை வைத்தார்கள், தவறு செய்தார்கள், தவற்றிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் கையேடு எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொன்னது. கரோல் குழு கையேட்டை மிகவும் சுருக்கி மறுபடி எழுதியது. நேராக ஒரு உண்மையான வேலையில் ஆரம்பி, தவறு நடந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திரும்புவது என்பதைச் சொல், மற்றதையெல்லாம் வெட்டு. இந்தச் சின்னக் கையேட்டை வைத்துக் கற்றவர்கள் வேகமாகவும் நன்றாகவும் கற்றார்கள். மினிமலிசம் என்று இதற்குப் பெயர் வந்தது. அதே ஐ.பி.எம்.மில் 1982இல் கிளேட்டன் லூயிஸ், பயனரை உட்காரவைத்து "மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்று கேட்கும் முறையை எழுதிவைத்தார். கரோலைப் பற்றி எல்லாப் பட்டறையிலும் ஒரு ஸ்லைடு இருக்கும். 'குறைவாக எழுது' என்று அதில் போட்டிருக்கும். அவர் குறைவாக எழுது என்று மட்டும் சொல்லவில்லை, எதை வெட்டலாம் என்பதை ஆளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்தப் பார்க்கிற பகுதியை விட்டுவிட்டு வெட்டுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், தேவையானதையும் சேர்த்து வெட்டிவிடுவோம்.

சரி, பார்ப்பது என்றால் பட்டறையில் எப்படிப் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் யாரையும் கணினியைத் திறக்கவிடுவதில்லை. ஒரு பித்தளை ஃபில்டர், காபித்தூள், கெட்டிலில் வெந்நீர் மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, இதில் டிகாக்ஷன் இறக்குவது எப்படி என்று பதினைந்து நிமிடத்தில் எழுதுங்கள் என்பேன். சென்னையில் பட்டறைக்கு வருகிற இருபது பேரில் பாதிப் பேருக்காவது தினமும் கை தானாகச் செய்யும் வேலை அது, அதனால்தான் அதை வைக்கிறேன். எழுதியதை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் அதில் இருப்பதை மட்டும், இருக்கிறபடியே செய்ய வேண்டும், எழுதியவர் பேசக் கூடாது. பெரும்பாலும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். "ஃபில்டரில் மூன்று ஸ்பூன் தூளைப் போடவும்" என்று எழுதியிருப்பார். செய்பவர் எந்தப் பாத்திரம் என்று தெரியாமல் கீழ்ப் பாத்திரத்தில் தூளைக் கொட்டுவார். இன்னொருவர் மேல் பாத்திரம் என்று சரியாக எழுதியிருப்பார், ஆனால் தூளை அமுக்கிவிட அந்தக் குடை மாதிரித் தட்டு இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்க மாட்டார். தண்ணீர் ஊற்றியதும் தூள் மிதந்து மேலே வரும். தண்ணீரை எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று எழுதாதவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சரியாக எழுதி, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும் என்பதை மட்டும் விட்டவர்கள் நிறைய. செய்பவர் ஃபில்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்தக் காட்சியில் எழுதியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேச வாய் துடிக்கும். "அது மேல் பாத்திரம்தான், அதுகூடத் தெரியாதா" என்பது நாக்கு நுனி வரை வந்து நிற்கும். அந்த நிமிடத்தில்தான் அவருக்கு ஒரு விஷயம் உடம்பில் ஏறுகிறது: ஆவணம் வாசகர் கையில் இருக்கும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். இதை நூறு ஸ்லைடில் சொன்னாலும் ஏறாது. தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் அறிவின் சாபம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துச் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், தூள் மிதப்பதைப் பார்த்தவருக்கு அது மறப்பதில்லை.

மதியம் அவரவர் சொந்த ஆவணத்துக்குப் போவோம். இது முக்கியம்: பட்டறைக்கு வரும்போது தாங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தை, ரகசியமானதை நீக்கிவிட்டு, கொண்டுவரச் சொல்வேன். பயிற்சிக்கென்று தயாரித்த பொய்யான உதாரணத்தைத் திருத்துவது எல்லோருக்கும் சுலபம், ஏனென்றால் அதில் தவறு எங்கே என்று பயிற்சியாளர் ஒளித்துவைத்திருக்கிறார், தேடினால் கிடைக்கும். சொந்தப் பக்கத்தில் தவறு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரர் அதை வைத்துச் செய்து பார்ப்பார், மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே. எழுதியவர் தாளில் குறித்துக்கொள்வார், எங்கே தயங்கினார், எங்கே மேலே திரும்பிப் போனார், எங்கே படிக்காமல் தாண்டினார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார், அது இணையதளங்களைப் பற்றிச் சொன்னது, இன்னும் அதன்மேல் விவாதம் நடக்கிறது. என் அனுபவத்தில் ஆவணத்துக்கு முதல் ஆளே பாதியைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

இரண்டாம் நாள் கேள்வி கேட்கும் பயிற்சி. வெளியில் இருப்பவர்களுக்கு டெக்னிகல் ரைட்டர் என்றால் உட்கார்ந்து எழுதுபவர் என்ற எண்ணம். உண்மையில் பாதி நாள் மென்பொருளை உருவாக்கும் டெவலப்பர் பின்னால் அலைவதில்தான் போகும். அவருக்கு நேரம் இல்லை, கேள்வி மோசமாக இருந்தால் "அது உள்ளே தானா நடக்கும்" என்று முடித்துவிடுவார். "இந்த வசதி எப்படி வேலை செய்கிறது" என்று கேட்டால் ஒரு மணி நேரம் கட்டமைப்பை விளக்குவார், அதில் பயனருக்கு உதவுவது இரண்டு வரி இருக்கும். "இது தோற்றுப்போனால் திரையில் என்ன தெரியும்?", "இதை யார், எந்த வேலைக்கு நடுவில் திறப்பார்?", "இதைச் செய்வதற்கு முன்னால் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் கிடைக்கும். என் ஒன்பதாவது படிக் குறிப்பு அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காததால் வந்தது. இதை ஜோடி ஜோடியாக, ஒருவர் அவசரத்தில் இருக்கும் டெவலப்பராக நடித்து, செய்து பார்ப்போம். உண்மையான டெவலப்பர் ஒருவரைக் கூட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது.

டெவலப்பர்களே எழுத வேண்டிய காலமும் வந்துவிட்டது. நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில், மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் ஆவணம், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் அதே புல் ரிக்வெஸ்ட், மற்றவர் சரிபார்க்கும் அதே ரிவ்யூ. இதை வளர்த்ததில் 2013இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய ரைட் த டாக்ஸ் மாநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாநாட்டில் 'எழுதும் நாள்' என்று ஒரு நாளை ஒதுக்குவார்கள். நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களின் ஆட்களும் எழுதுபவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்மையான ஆவணத்தைச் சரிசெய்வார்கள். உரை கேட்பதைவிட அந்த ஒரு நாள் நிறையக் கற்றுக்கொடுக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே வேலையும் அசல், கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளும் எதிரிலேயே இருக்கிறார்.

கூகுள் தன் இன்ஜினியர்களுக்கு நடத்திய எழுத்து வகுப்பை 2020இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பாடத்தை முதலில் தனியாகப் படித்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும். வகுப்பு நடத்துபவருக்கான குறிப்புகளையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஒரு கல்லூரியோ சின்ன நிறுவனமோ காசு செலவில்லாமல் நடத்தலாம். அதில் ஒரு சமன்பாடு வரும்: நல்ல ஆவணம் என்பது, ஒரு வேலையைச் செய்ய வாசகருக்குத் தேவையான அறிவும் திறனும், கழித்தல், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவும் திறனும். எளிமையாகத் தோன்றும். ஆனால் அந்தக் கழித்தலைச் செய்ய, அவரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே? அதை மேசையில் உட்கார்ந்து யூகிக்க முடியாது. இந்த வகுப்பை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன், அதோடு ஃபில்டரையும் சேர்த்து வையுங்கள் என்பேன்.

ஐரோப்பாவில் இந்தப் பயிற்சிகளுக்கு வேறொரு கனம் உண்டு. அங்கே இயந்திரங்களுக்கான சட்டப்படி, விற்கப்படும் நாட்டின் அலுவல் மொழியில் பயன்பாட்டுக் குறிப்பு கூடவே போக வேண்டும். குறிப்பு தவறாக இருந்தால் பொருளே குறையுள்ளது என்ற கணக்கில் வரும். பயன்பாட்டுக் குறிப்புகளை எப்படித் தயாரிப்பது என்பதற்கே 82079 என்ற எண்ணில் சர்வதேசத் தரநிலை இருக்கிறது, 2019இல் அதன் புதிய பதிப்பு வந்தது. ஜெர்மனியில் டெக்னிகல் ரைட்டர்களுக்கான டெக்காம் சங்கம் 1978லிருந்து இயங்குகிறது, பெங்களூரில் அதன் டிசி வேர்ல்டு இந்தியா மாநாடுகளும் நடந்திருக்கின்றன. சட்டம் பின்னால் நிற்கும்போது நிறுவனங்கள் எழுதுபவரின் பயிற்சிக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை. நம் ஊரில் பட்ஜெட் குறைந்தால் முதலில் கை வைக்கிற இடம் இதுதான்.

விமானத் துறைக்காக வந்த எளிய ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து இந்த வேலைக்கு வருபவர்களுக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 1970களின் கடைசியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மெக்கானிக்குகளுக்குப் பராமரிப்புக் கையேடுகள் புரிவதில்லை என்று தயாரிப்பாளர்களிடம் முறையிட்டன. 1986இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. இன்று அதன் பெயர் ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ.100. அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் கிட்டத்தட்ட 900தான், அவற்றோடு அந்தந்தத் துறையின் கலைச்சொற்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான், விதிமுறைப்படி நடப்பதற்கு 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். 'க்ளோஸ்' என்றால் மூடுவது, பக்கத்தில் என்று சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது, 'நியர்' என்று எழுது. செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25.

நம் பிள்ளைகள் பலர், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், டெக்னிகல் ரைட்டிங் என்றால் கான்வென்ட் ஆங்கிலம் வேண்டும் என்று பயந்து இந்தப் பக்கமே வருவதில்லை. என் பட்டறைகளில் நான் பார்த்தது வேறு. பெரிய சொல்வளம் இருப்பவர்கள் ஒரே பொத்தானை ஒரு வரியில் ஒரு பெயரிலும் அடுத்த வரியில் இன்னொரு பெயரிலும் எழுதுவார்கள், பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பழக்கியிருக்கிறார்கள். 'தி பட்டன் ஷுட் பி கிளிக்டு' என்று செயப்பாட்டு வினையில் எழுதுவதுதான் மரியாதை என்றும் பழக்கம். இருக்கிற சின்னச் சொல்வளத்தை வைத்துக்கொண்டு நேராக, கட்டளை வாக்கியத்தில், ஒரு வரிக்கு ஒரு செயல் என்று எழுதுபவர்களின் பக்கம்தான் பெரும்பாலும் செய்து பார்க்கும் சோதனையில் தேறுகிறது. இலக்கணப் பிழை இருக்கும், அதை ஒரு எடிட்டர் திருத்திவிடலாம். தலைகீழாக வைத்த படிகளை எடிட்டரால் திருத்த முடியாது.

இன்னொன்று. நிபந்தனையை முதலில் சொல், செயலைப் பிறகு சொல் என்பது ஆங்கில நடைக் கையேடுகளில் தனி விதியாகவே இருக்கும், கூகுளின் நடைக் கையேட்டிலும் இருக்கிறது. காரணம், "இந்தப் பொத்தானை அழுத்து" என்று படித்த உடனே கை அழுத்திவிடும், "கோப்பு தேவையில்லை என்றால்" என்பது வாக்கியத்தின் வாலில் வந்து பயனில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் "கோப்பு தேவையில்லை என்றால் அழி பொத்தானை அழுத்துங்கள்" என்று தானாகவே சரியான வரிசையில் விழுகிறது. ஆங்கிலேயருக்குப் பயிற்சி கொடுத்துப் பழக்க வேண்டியதை நம் மொழி இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. இதைப் பட்டறையில் சொல்லும்போது தமிழ் வழி மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டறை பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு ஏதும் வந்ததா. நம் பட்டறைகளில் கடைசி ஐந்து நிமிடத்தில் நிரப்பித் தரும் படிவம் முதல் படியை மட்டும்தான் அளக்கிறது. என் முதல் பட்டறைக்கு நானே எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' போட்டுக் கொடுத்தேன், மூன்றாவது படியில் நின்றுபோன அந்த ஆளிடம் யாரும் கேட்கவில்லை. நான் இப்போது ஒரு மாதம் கழித்து ஒருமுறை கூப்பிட்டு, பட்டறைக்குப் பிறகு எழுதியதில் ஒரு பக்கத்தை எடுத்து, அதை யாரிடம் கொடுத்துச் செய்து பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். இருபது பேரில் ஆறு ஏழு பேர் செய்திருப்பார்கள். நேரம் இல்லை என்பார்கள் மற்றவர்கள், அது உண்மைதான், மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் தேதி யாருக்காகவும் நிற்பதில்லை. அதனால் மேலாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆளைப் பட்டறைக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ரிலீசுக்கும் அரை நாளை இந்தச் சோதனைக்கு ஒதுக்குங்கள், இல்லையென்றால் பட்டறைக் கட்டணம் வீண்.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது, பட்டறைகளின் அட்டவணை முழுக்க அதுதான். என்ன கேள்வி கொடுத்தால் என்ன வரும், எந்தக் கருவி எதற்கு நல்லது. நானும் அதைப் பயன்படுத்துகிறேன், முதல் வரைவு சீக்கிரம் கிடைக்கிறது, வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் என்னை அனுப்பிய அந்த முதல் பட்டறைதான் மறுபடி நடக்கிறதோ என்று கவலையாக இருக்கிறது. அன்று டெம்ப்ளேட், நடுவில் டேக், இன்று ப்ராம்ப்ட். டேட்டாபேஸில் யூசர் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால் அதற்கும் தெரியாது, இல்லாத ஒரு மெனுவை இருப்பதுபோல் நம்பிக்கையாக எழுதியும் வைக்கும். வரைவு வேகமாக வருவதால் மிச்சமாகும் நேரத்தைச் செய்து பார்க்கச் செலவிட்டால் அது பெரிய லாபம். அந்த நேரத்தில் இன்னும் பத்துப் பக்கம் கேட்கிறார்கள் என்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

தமிழிலேயே இப்படிப் பட்டறைகள் நடக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், 2012லிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஆனால் அன்றாடம் கைக்கு வரும் தமிழ்க் குறிப்புகள், மருந்துப் பெட்டித் தாள், மிக்சிக் கையேடு, விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம், இவையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை, 'செய்யப்படுதல் வேண்டும்' நடையில் இருப்பவை. சென்ற ஆண்டு ஒரு சின்னக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தமிழில் நடத்திப் பார்த்தேன். பொத்தானை 'சொடுக்கவும்' என்பதா 'கிளிக் செய்யுங்கள்' என்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை. பிறகு தெருவில் இறங்கி நான்கு பேரிடம் கேட்டோம், நான்கு பேருமே 'அமுக்கணும்' என்றார்கள். 'அழுத்துங்கள்' என்று முடிவானது.

அந்தக் குழுவில் ஒருவர் தன் அம்மாவின் சர்க்கரை பார்க்கும் கருவிக்கு வந்த தாளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கமும் பொடி எழுத்து. அம்மா அதைத் தொடுவதே இல்லை, மகன் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும்தான் சோதனை. அவர் அதை ஒரு பக்கமாக, பெரிய எழுத்தில், ஏழு படியாக எழுதினார். முதல் முறை அம்மா பட்டையைத் தலைகீழாகச் செருகினார், அதனால் 'கறுப்புக் கோடு உள்ளே போக வேண்டும்' என்று சேர்த்தார். இரண்டாம் முறை ரத்தத் துளி சின்னதாகிப் பிழை எண் வந்தது, அந்த எண் வந்தால் புதுப் பட்டை எடுத்து மறுபடி செய்யுங்கள் என்று ஒரு வரி. மூன்றாம் முறை அம்மா தனியாகவே செய்துவிட்டு, பட்டை தீர்ந்துபோனால் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாராம். அதைத் தாளின் அடியில் எட்டாவதாகச் சேர்த்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாக அவர் படம் அனுப்பினார்.